சூட்டில் செல்ஃப் எடுக்காத மாடிஃபை வண்டி: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காலையில் கீயைத் தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு டீக்கடையில் நிறுத்தி, கால் மணி நேரம் கழித்து வந்து கீயைத் திருப்பினால் ஒரு ‘டக்’, அவ்வளவுதான். இன்னும் ஒரு மணி நேரம் காத்திருந்தால் எதுவுமே நடக்காதது போல மறுபடி ஸ்டார்ட் ஆகும். ஹெடர் (எஞ்சினிலிருந்து புகையை வெளியேற்றும் குழாய்த் தொகுதி) போட்ட வண்டி, பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய வண்டி, வேறு எஞ்சின் இறக்கிய ஜீப், கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சின் என்று மாடிஃபை செய்த வண்டிகளில் அடிக்கடி வரும் கோளாறு இது. பெரும்பாலோர் முதல் வேலையாக செல்ஃப் மோட்டாரைத்தான் மாற்றுவார்கள். புது மோட்டார் கொஞ்ச நாள் நன்றாக இருக்கும், பிறகு பழைய கதை.

கம்பெனியிலிருந்து வரும்போது ஸ்டார்ட்டிங் சர்க்யூட்டில் கொஞ்சம் கையிருப்பு இருக்கும். கேபிள் சற்றுப் பழசானாலும், எர்த் லேசாகத் துருப்பிடித்தாலும் சமாளித்துவிடும். மாடிஃபிகேஷன் அந்தக் கையிருப்பைப் பல பக்கமிருந்தும் தின்கிறது. சூடு கடைசிக் கவளம் மட்டுமே. ஆகவே ‘சூட்டினால் வந்த கோளாறு’ என்று முடிவு கட்டிவிட்டு மோட்டாருக்குத் துணி சுற்றுவதற்கு முன்னால், எங்கே வோல்ட் தொலைகிறது என்று அளந்து பார்க்க வேண்டும். அதையும் கோளாறு இருக்கும் நேரத்திலேயே, சூடாக இருக்கும்போதே அளக்க வேண்டும். குளிர்ந்த பிறகு எடுக்கும் ரீடிங் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும்.

சூடு என்ன செய்கிறது

தாமிரக் கம்பியின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம் கூடும். 25 டிகிரியில் இருந்த சொலினாய்டு (செல்ஃபோடு சேர்ந்த மின்காந்த சுவிட்ச்), ஹெடர் பக்கத்தில் 125 டிகிரிக்குப் போனால் அதன் சுருளின் தடை 39 சதவீதம் ஏறியிருக்கும். அதே வோல்ட்டில் மின்னோட்டம் 72 சதவீதமாகக் குறையும். சொலினாய்டின் இழுவிசை ஏறக்குறைய மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு போவதால், கையில் மிஞ்சுவது பாதி இழுவிசை. இதோடு பழைய கீ சுவிட்ச், நீண்ட வயர் எல்லாம் சேர்ந்து 12 வோல்ட்டை 10 ஆக்கிவிட்டால் மிச்சம் மூன்றில் ஒரு பங்கு சொச்சம்தான். அதற்குள் இருக்கும் இரும்புத் தண்டான பிளஞ்சர் நகராது, நகர்ந்தாலும் கான்டாக்டை அழுத்திப் பிடிக்காது.

இப்போதைய சிறிய கியர் ரிடக்‌ஷன் செல்ஃப் மோட்டார்கள் பலவற்றில் காந்தப்புலம் உண்டாக்கும் ஃபீல்டு காயில் இல்லை, ஃபெரைட் காந்தம்தான். ஃபெரைட் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.2 சதவீதம் காந்த வலுவை இழக்கும். நூறு டிகிரி ஏற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகும். ஆறியதும் திரும்பி வந்துவிடும். அதனால்தான் மோட்டாரைக் கழற்றி பெஞ்சில் வைத்துப் பார்க்கும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ‘மோட்டார் நல்லாத்தான் இருக்கு’ என்று சொல்கிறார். அவர் சொல்வது பொய்யில்லை.

இன்னொன்றும் உண்டு. எஞ்சினை அணைத்த உடனே சூடு இறங்காது. ஃபேன் நின்று, எதிர்க்காற்று நின்று, தண்ணீர் ஓட்டமும் நின்றுவிடுவதால் பானட்டுக்குள் சூடு பத்து முதல் முப்பது நிமிடம் வரை ஏறிக்கொண்டே போகும். அணைத்த அடுத்த நொடியில் ஸ்டார்ட் ஆகி, 15 நிமிடம் கழித்து மட்டும் அடம் பிடித்தால், அது இந்த ஊறும் சூட்டின் வேலை. அணைத்த உடனேயே திணறினால் டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்), எஞ்சின் இறுக்கம், சார்ஜிங் இந்த மூன்றையும் முதலில் சந்தேகியுங்கள்.

தொடங்கும் முன்

மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், ஜம்ப் கேபிள், பேட்டரியிலிருந்து செல்ஃப் வரை எட்டும் நீளமான மீட்டர் வயர், டிசி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டர். கிளாம்ப் மீட்டர் வாங்கும்போது பாருங்கள், விலை குறைந்தவற்றில் பல ஏசி மட்டுமே அளக்கும். அது இந்த வேலைக்கு உதவாது.

கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. கிராங்க் செய்து (செல்ஃபால் எஞ்சினைச் சுற்றவைத்து) அளக்கும் சோதனைகளில் எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்க இக்னிஷன் காயில் கனெக்டரையும் ஃப்யூவல் பம்ப் ரிலேயையும் எடுத்துவிடுங்கள். ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம், நடுவில் ஒரு நிமிடம் விடுங்கள். செல்ஃபின் பெரிய போல்ட்டுக்கு பேட்டரியிலிருந்து வரும் கேபிள் பெரும்பாலான வண்டிகளில் ஃபியூஸ் இல்லாமல் நேரே வருகிறது. ஸ்பானர் பாடியில் பட்டால் வெல்டிங்தான். கழற்றும் வேலை என்றால் பேட்டரி எர்த்தை முதலில் எடுங்கள்.

பேட்டரியை முதலில் முடித்துவிடுவோம். எஞ்சின் அணைத்து ஓய்வில் 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி. சூடான எஞ்சினைக் கிராங்க் செய்யும்போது பேட்டரி போஸ்ட்டில் 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை லோடு டெஸ்டுக்குக் கொடுத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள். எஞ்சின் ஓடும்போது, லைட், ஏசி, கூடுதல் லைட் பார் எல்லாம் போட்ட நிலையில் 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். கூடுதல் லைட்டும் ஆம்ப்ளிஃபையரும் சேர்த்துவிட்டு பழைய ஆல்டர்னேட்டரை அப்படியே விட்ட வண்டி, இரண்டு மணி நேரம் ஓடி முடித்த பிறகு கிளம்பிய நேரத்தைவிடக் குறைந்த சார்ஜில் நிற்கலாம். அது சூட்டுக் கோளாறு போலவே வேஷம் போடும்.

பிறகு கோளாறை வரவழையுங்கள். 30 நிமிடம் ஓட்டி, அணைத்து, பானட்டைத் திறக்காமல் 15 நிமிடம் விட்டு, சோதனையைத் தொடங்குங்கள். மீட்டர் வயரை ஓட்டத்துக்கு முன்பே கட்டி, ஹெடரில் படாமல் ஒதுக்கி வைத்தால் கை சுடாது.

அறிகுறி 1: ஒரே ஒரு ‘டக்’, அல்லது சத்தமே இல்லை

செல்ஃபில் மூன்று இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரி கேபிள் வரும் பெரிய போல்ட்டுக்கு 30 என்று பெயர். சொலினாய்டிலிருந்து மோட்டாருக்குள் போகும் பெரிய போல்ட் இன்னொன்று. கீயிலிருந்து வரும் மெல்லிய வயர் சேரும் இடம் 50, அமெரிக்க வழக்கில் எஸ் டெர்மினல்.

உதவிக்கு ஒருவர் கீயை ஸ்டார்ட் நிலையில் பிடிக்கட்டும். மீட்டரின் சிவப்பு 50-இல், கருப்பு செல்ஃபின் உடம்பில்.

ரீடிங் 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தும் பிளஞ்சர் அசையவில்லை என்றால் சொலினாய்டு போய்விட்டது, அல்லது அளவுக்கு மீறிச் சுடுகிறது. ஈரத் துணியைச் சொலினாய்டின் மேல் ஐந்து நிமிடம் போட்டுவைத்து மறுபடி முயன்று பாருங்கள். எடுத்தால் சூடுதான் காரணம் என்று உறுதி. தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம், பக்கத்தில் சிவக்கக் காய்ந்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருந்தால் விரிசல் விடும்.

ரீடிங் 9 வோல்ட்டுக்குக் கீழே என்றால் செல்ஃபைத் தொடவே வேண்டாம். குற்றவாளி வழியில் இருக்கிறான். பேட்டரி பிளஸிலிருந்து கீ சுவிட்ச், கீயிலிருந்து கிளச் அல்லது நியூட்ரல் சுவிட்ச், அங்கிருந்து ஃபயர்வால் கனெக்டர், பிறகு செல்ஃப். ஒவ்வொரு கட்டத்திலும் கீயை ஸ்டார்ட்டில் பிடித்துக்கொண்டு பேட்டரி பிளஸ்ஸுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பாருங்கள். திடீரென்று எண் எங்கே குதிக்கிறதோ அங்கே துரு, கருகிய கான்டாக்ட் அல்லது ஒட்டுப்போட்ட வயர். ரிமோட் அலாரம் பொருத்தியவர்கள் ஸ்டார்ட்டர் வயரை வெட்டி அதன் ரிலேயை நடுவே நுழைத்திருப்பார்கள். முறுக்கி டேப் சுற்றிய அந்த ஒட்டு, தேடுவோர் கடைசியாகப் பார்க்கும் இடம், முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம்.

மோட்டார் ஓடத் தொடங்கும் முன், சொலினாய்டின் இழுக்கும் சுருள் சில பத்து ஆம்பியர்களை ஒரு கணம் உறிஞ்சும். பழைய ஜீப்புகளில் இது முழுவதும் கீ சுவிட்ச் வழியாகவே போகிறது. இருபது வருடத்துக் கீ சுவிட்சும், எஞ்சின் மாற்றியபோது நீட்டிய மெல்லிய வயரும் இதைத் தாங்காது. பரிகாரம் ஒரு ரிலே:

1. 12 வோல்ட், 40 ஆம்பியர் நான்கு கால் ரிலே. எஞ்சினுக்கு எதிர்ப்பக்கம், ஃபெண்டர் ஓரமாக, குளிர்ந்த இடத்தில் பொருத்துங்கள்.
2. 30-ஆம் கால்: பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 30 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 4 சதுர மி.மீ. வயர். பேட்டரி டிக்கியில் இருந்தால் அங்கிருந்து இழுக்காமல், முன்னால் இருக்கும் ஜங்ஷன் போஸ்ட்டிலிருந்து எடுங்கள்.
3. 87-ஆம் கால்: செல்ஃபின் 50 டெர்மினலுக்கு அதே 4 சதுர மி.மீ. வயர், முடிந்தவரை குட்டையாக.
4. 86-ஆம் கால்: முன்பு 50-க்கு வந்த கீ வயர். 85-ஆம் கால்: நல்ல எர்த். உள்ளே டயோடு வைத்த ரிலே என்றால் 86 பிளஸ்ஸாகத்தான் இருக்க வேண்டும், மாற்றினால் டயோடு போகும்.
5. நியூட்ரல், கிளச் சுவிட்சுகளை கீ வயர் பக்கமே விடுங்கள். தாண்டிப் போட்டால் கியரில் இருக்கும் வண்டி எகிறும்.

முடித்ததும் 50-இல் மறுபடி அளங்கள். பேட்டரி போஸ்ட்டைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. சூட்டில் ‘டக்’ என்று நிற்கும் வண்டிகளில் கணிசமானவை இந்த ரிலேயோடு சரியாகிவிடும், புது மோட்டார் விலையில் ஒரு துளி செலவில்.

அமெரிக்காவில் ஹெடர் போட்ட செவ்ரோலே வி8 எஞ்சின்களில் இதே கோளாறு பேர்போனது. அங்கே ஃபோர்டு பாணி தனி சொலினாய்டை ஃபெண்டரில் வைத்து, செல்ஃபில் 30-க்கும் எஸ் டெர்மினலுக்கும் நடுவே தகட்டுத் துண்டு போட்டு இணைப்பார்கள். பழைய ஃபீல்டு காயில் மோட்டாருக்கு அது பொருந்தும். காந்த மோட்டாருக்குப் பொருந்தாது. கீயை விட்ட பிறகும் சுழலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, அந்தத் தகடு வழியாகத் தன் சொலினாய்டையே பிடித்துவைத்துக்கொள்ளும். பினியன் (செல்ஃபின் முனையிலுள்ள சிறு பல்சக்கரம்) ஒரு கணம் தாமதமாக விலகி, ரிங் கியரோடு (ஃப்ளைவீலைச் சுற்றியுள்ள பல்வளையம்) அலறும். ஆகவே இப்போதைய மோட்டாருக்கு மேலே சொன்ன ரிலே முறையே போதும்.

‘டக்’ கனமாக, உறுதியாகக் கேட்கிறது, ஆனால் மோட்டார் சுற்றவில்லை என்றால் சொலினாய்டு வேலை செய்கிறது. இரண்டு பெரிய போல்ட்களுக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். கீ திருப்பாதபோது பேட்டரி வோல்ட் காட்டும். கீயை ஸ்டார்ட்டில் பிடித்ததும் 0.3-க்குக் கீழே விழ வேண்டும். விழாமல் நின்றால் உள்ளே தாமிர கான்டாக்ட் தேய்ந்தோ கருகியோ இருக்கிறது. விழுந்தும், 30-இல் நல்ல வோல்ட் இருந்தும் மோட்டார் சும்மா இருந்தால் கார்பன் பிரஷ். இந்த நிலையில் செல்ஃப் உடம்பை மரக்கட்டையால் லேசாகத் தட்டினால் எடுக்கும், பிரஷ் குட்டையாகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். காந்த மோட்டாரைச் சுத்தியலால் தட்டாதீர்கள், ஃபெரைட் உடையும்.

அறிகுறி 2: சுற்றுகிறது, ஆனால் முக்கி முனகுகிறது

இங்கே கிளாம்ப் மீட்டர் பாதி வேலையை முடித்துவிடும். செல்ஃப் கேபிளில் மாட்டி, கிராங்க் செய்யும்போது பாருங்கள். நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் சுற்றத் தொடங்கிய பின் பொதுவாக 100 முதல் 200 ஆம்பியருக்குள் இருக்கும். மெதுவாகச் சுற்றி, ஆம்பியரும் குறைவு என்றால் வழியில் தடை. மெதுவாகச் சுற்றி, ஆம்பியர் 250, 300 என்று ஏறினால் மோட்டார் உள்ளே உரசுகிறது, அல்லது எஞ்சின் இறுக்குகிறது, அல்லது டைமிங் எதிர்த்து அடிக்கிறது.

ஆம்பியர் குறைவு என்றால் வோல்ட் இழப்புச் சோதனை. பிளஸ் பக்கத்துக்கு மீட்டரின் சிவப்பை பேட்டரி பிளஸ் போஸ்ட்டில் வையுங்கள். கிளாம்ப்பில் அல்ல, ஈயப் போஸ்ட்டிலேயே. கருப்பு செல்ஃபின் 30 போல்ட்டில். கிராங்க் செய்யும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் கூடாது. எர்த் பக்கத்துக்கு மீட்டரை மைனஸ் போஸ்ட்டுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவே வையுங்கள், 0.3-ஐத் தாண்டக் கூடாது. தனித்தனி இணைப்பு ஒவ்வொன்றும் 0.1-க்குள். மின்னோட்டம் ஓடும்போது மட்டுமே இந்த இழப்பு தெரியும். மீட்டரை ஓம்ஸில் வைத்து ‘ஜீரோ காட்டுது, கேபிள் நல்லாருக்கு’ என்று சொல்வது இந்த வேலையில் பொருளற்றது. ஒரே ஒரு இழை தாங்கி நிற்கும் கேபிளும் ஜீரோதான் காட்டும்.

பேட்டரி டிக்கியில் என்றால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டர் தாமிரக் கேபிளில் 200 ஆம்பியர் ஓடும்போது 25 சதுர மி.மீ. கேபிள் 0.55 வோல்ட்டை விழுங்கும். 35 என்றால் 0.39, 50 என்றால் 0.28, 70 என்றால் 0.2. திரும்பும் வழி பாடி வழியாகத்தான். அந்த இழப்பு தனிக் கணக்கு. முன்னால் இருந்தபோது ஒரு மீட்டருக்குப் போதுமாக இருந்த கேபிள் கனத்தையே பின்னாலும் இழுத்துவிடுவதுதான் வழக்கமான தவறு. 50-க்குக் குறையாமல் போடுங்கள், கம்ப்ரஷன் ஏற்றிய எஞ்சினுக்கு 70.

கேபிள் உண்மையில் தாமிரமா என்பதையும் பாருங்கள். கார் ஆடியோவுக்கென்று விற்கும் தடித்த கேபிளில் பல தாமிரப் பூச்சுப் போட்ட அலுமினியம். தாமிரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குக்கூட மின்சாரம் கடத்தாது. ஓர் இழையைக் கத்தியால் சுரண்டினால், உள்ளே வெள்ளை தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளையாக இருந்து உள்ளே சிவப்பு தெரிந்தால் வெள்ளீயம் பூசிய தாமிரம், அது நல்ல சரக்கு.

கேபிள் முனையில் மாட்டும் லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் ஆறுகோண டை வைத்து அழுத்துங்கள். சுத்தியால் அடித்து ஈயம் உருக்கி ஊற்றியது முதல் சில மாதம் நன்றாகத் தெரியும். சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியில் இளக ஆரம்பித்துவிடும், ஹெடருக்கு இரண்டு அங்குலத்தில் அந்தச் சூடு அரிதல்ல. டிக்கியிலுள்ள கட்-ஆஃப் சுவிட்சையும் தனியாக அளங்கள். மலிவான சாவி வகை சுவிட்சுகள் அரை வோல்ட்டைத் தனியாகவே தின்றுவிடும்.

எர்த், மாடிஃபை வண்டிகளில் எப்போதும் ஏமாற்றும் இடம். எஞ்சின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கிறது, ஜீப்பில் பாடியும் சேஸிஸ் மேல் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் மாற்றியபோது பழைய எர்த் பட்டையைக் கழற்றி எங்கோ வைத்தவர்கள் திரும்பப் போட மறந்தால், செல்ஃபின் மின்னோட்டம் ஆக்சிலரேட்டர் கேபிள், கிளச் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள் வழியாகத் திரும்பும். கிராங்க் செய்யும்போது ஆக்சிலரேட்டர் கேபிள் சுட்டாலோ, அதன் பிளாஸ்டிக் உறை உருகியிருந்தாலோ வேறு சாட்சி தேவையில்லை. சேஸிஸுக்குப் பவுடர் கோட்டிங் அடித்த வண்டியில் பட்டை இருந்தும் பயனில்லை, பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது.

உடனடிச் சோதனை: ஜம்ப் கேபிளின் ஒரு முனையை பேட்டரி மைனஸில், மறுமுனையை செல்ஃபின் உடம்பில் அல்லது அதன் போல்ட் பக்கத்து எஞ்சின் பிளாக்கில் கவ்வி, கிராங்க் செய்யுங்கள். சட்டென்று வேகம் வந்தால் கோளாறு எர்த்தில். நிலையான தீர்வுக்கு எஞ்சின் பிளாக்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு பட்டை, சேஸிஸிலிருந்து பாடிக்கு ஒன்று, பேட்டரி மைனஸிலிருந்து சேஸிஸுக்கு பிளஸ் கேபிளின் அதே கனத்தில் ஒன்று. பெயிண்டை உலோகம் மின்னும் வரை சுரண்டி, பற்களுள்ள வாஷர் வைத்து முடுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். செல்ஃபும் பெல் ஹவுசிங்கும் முட்டும் முகத்தில் பெயிண்ட் அடித்திருந்தால் அதையும் சுரண்டுங்கள். எஞ்சினை அழகுபடுத்தும் வேலையில் இது அடிக்கடி நடக்கிறது.

ஆம்பியர் அதிகம் என்றால் முதலில் டைமிங்கை விலக்குங்கள். இக்னிஷனைத் துண்டித்துக் கிராங்க் செய்தால் எஞ்சின் சல்லென்று சுற்றுகிறது, இணைத்தால் முனகுகிறது என்றால் அடுத்த பகுதிக்குப் போங்கள். இரண்டிலும் முனகினால் ஸ்பார்க் பிளக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கிராங்க் நட்டில் ஸ்பானர் வைத்துக் கையால் சுற்றுங்கள். சூட்டில் மட்டும் இறுகினால் புதிதாக வேலை பார்த்த எஞ்சினில் பேரிங் கிளியரன்ஸோ பிஸ்டன் கிளியரன்ஸோ குறைவு, எலக்ட்ரிக்கல் வேலையை நிறுத்தி எஞ்சின் கட்டியவரிடம் போக வேண்டிய விஷயம். கையில் தளர்வாகச் சுற்றினால் செல்ஃபுக்குள் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து ஆர்மேச்சர் (சுழலும் பகுதி) உரசுகிறது. கழற்றிப் பார்த்தால் ஆர்மேச்சரின் ஒரு பக்கம் மட்டும் பளபளப்பாகத் தேய்ந்திருக்கும். புஷ் மலிவு. சில எஞ்சின்களில் முன்புறப் புஷ் செல்ஃபில் இல்லாமல் பெல் ஹவுசிங்கில் இருக்கும், புது செல்ஃப் போட்டும் தீராத மர்மம் பல அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

அறிகுறி 3: சுற்றும்போது உதைத்து நிற்கிறது

‘ரூ... டக்... ரூ... டக்’ என்று எதிர்த்து உதைத்தால் பொறி சீக்கிரம் விழுகிறது. பெரிய கேம் போட்ட எஞ்சின் ஐடிலில் நிற்க வேண்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, ஆரம்ப அட்வான்ஸை (பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு எவ்வளவு முன்னால் பொறி விழுகிறது என்ற அளவை) 18, 20 டிகிரிக்கு ஏற்றியிருப்பார்கள். குளிர்ந்த எஞ்சினில் கலவை மெதுவாக எரிவதால் தப்பிக்கும். சூடான சிலிண்டரில் பிஸ்டன் மேலே வரும் முன்பே அழுத்தம் ஏறி, செல்ஃபைப் பின்னோக்கித் தள்ளும். தொடர்ந்து அடித்தால் செல்ஃபின் மூக்குப் பகுதி உடையும், ரிங் கியர் பல் போகும்.

ஆரம்ப அட்வான்ஸை 8 முதல் 12 டிகிரிக்குள் இறக்கி, மேல் வேகத்துக்கு வேண்டியதை வெயிட், ஸ்பிரிங் மாற்றி மெக்கானிக்கல் அட்வான்ஸில் எடுத்துக்கொள்ளுங்கள். தனி ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) போட்ட வண்டியில் வேலை இன்னும் எளிது. கிராங்கிங் அட்வான்ஸை 5 முதல் 10 டிகிரிக்குள் தனியாக வையுங்கள். மேப்பில் என்ன எழுதினாலும் உண்மையான டைமிங்கை டைமிங் லைட்டில் ஒரு முறை சரிபாருங்கள். கிராங்கின் நிலையைச் சென்சாருக்குக் காட்டும் டிரிகர் வீல் ஒரு பல் தள்ளிப் பொருந்தியிருந்தால் திரையில் 10, எஞ்சினில் வேறு.

உதைக்காமல் ஓரிடத்தில் சுவரில் முட்டியது போல நின்றுவிட்டால் மேற்கொண்டு கீயைத் தொடாதீர்கள். ஹெட் கேஸ்கட் கசிந்த எஞ்சினில், அணைத்த பிறகும் அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள் இறங்கும். தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். பிளக்குகளைக் கழற்றி, கையால் சுற்றி, எதிலிருந்தாவது தண்ணீரோ பெட்ரோலோ வருகிறதா என்று பாருங்கள். டர்போ போட்டு பூஸ்ட் ஏற்றிய எஞ்சினில் இந்தச் சந்தேகம் முதலிலேயே வர வேண்டும்.

அறிகுறி 4: செல்ஃப் மட்டும் அலறுகிறது, எஞ்சின் சுற்றவில்லை

பினியனுக்குள் உள்ள ஒருவழி கிளச் சூட்டில் கிரீஸ் இளகி வழுக்குகிறது. பினியன் அசெம்பிளி மாற்றுங்கள். பல்லோடு பல் உரசும் ‘கர்ர்’ என்றால் வேறு வண்டி செல்ஃபைப் பொருத்தியதில் இடைவெளி தவறு, ஷிம் (மெல்லிய இடைத் தகடு) போட்டோ எடுத்தோ சரிசெய்ய வேண்டும்.

அறிகுறி 5: நன்றாகச் சுற்றுகிறது, பிடிக்கவில்லை

செல்ஃப் வேலை முடிந்தது. இது பெட்ரோலா பொறியா என்ற கேள்வி. பிளக் வயரில் ஸ்பார்க் டெஸ்டர் மாட்டிப் பாருங்கள்.

பொறி இல்லை என்றால் கிராங்க் சென்சார்தான் முதல் சந்தேகம். காயில் வகை சென்சாரின் தடை பெரும்பாலும் சில நூறு முதல் ஒன்றரை ஆயிரம் ஓம் வரை இருக்கும். சூட்டில் உள்ளே கம்பி விட்டுப்போய் திறந்த சர்க்யூட் காட்டும், ஆறியதும் மறுபடி சேரும். கழற்றி ஹேர் டிரையரில் சூடாக்கிக்கொண்டே ஓம்ஸ் பார்த்தால் திருடன் கையோடு பிடிபடுவான். இந்த வகை சென்சாரின் சமிக்ஞை வேகத்தைப் பொறுத்தது, எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் சமிக்ஞையும் சன்னமாகும். எனவே அறிகுறி 2 இருக்கும் வண்டியில் சென்சாரைக் குறை சொல்லாதீர்கள். எலக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரில் மாட்யூல் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோனால் சூட்டில் அதுவும் உறங்கிவிடும்.

பொறி இருந்தால் பெட்ரோல். கார்புரேட்டரில் அணைத்த பிறகு ஃப்ளோட் அறையிலேயே பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும். மூக்கைத் துளைக்கும் பெட்ரோல் வாடை இதன் அடையாளம். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்துப் பிடித்துக்கொண்டு கிராங்க் செய்தால் பிடிக்கும். பலமுறை பம்ப் செய்தால் இன்னும் மூழ்கும். கார்புரேட்டருக்கு அடியில் 10 முதல் 12 மி.மீ. பேக்லைட் ஸ்பேசர் போடுங்கள், பெட்ரோல் குழாயை ஹெடருக்கு அப்பால் நகர்த்துங்கள், டாங்குக்கு ரிட்டர்ன் குழாய் இல்லையென்றால் சேருங்கள். பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) பழைய கார்புரேட்டர் வண்டிகளில் இதை மோசமாக்குகிறது. எத்தனால் தனியாக 78 டிகிரியில்தான் கொதிக்கும், ஆனால் பெட்ரோலோடு சேர்ந்ததும் கலவை இன்னும் எளிதாக ஆவியாகிறது.

இன்ஜெக்‌ஷன் வண்டியில் கேஜ் மாட்டி, அணைத்த பிறகு ரெயில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாய்) அழுத்தத்தைக் கவனியுங்கள். 3 பார் சிஸ்டம் 15 நிமிடத்தில் 2 பாருக்குக் கீழே சரிந்தால் பம்ப் செக் வால்வு, ரெகுலேட்டர் அல்லது ஒழுகும் இன்ஜெக்டர். கீயை இரண்டு மூன்று முறை ஆன் செய்து பம்ப் ஓடவிட்ட பிறகு உடனே பிடித்தால் இது நிச்சயம்.

தனி ஈசியூ போட்டவர்களை அலைக்கழிக்கும் இன்னொரு காரணம், காற்று வெப்ப சென்சார். அதை அலுமினிய மேனிஃபோல்டிலேயே திருகியிருப்பார்கள். 15 நிமிடம் நின்றதும் சென்சார் 75, 80 டிகிரி காட்டும், ஈசியூ காற்று மெலிந்துவிட்டது என்று நம்பி பெட்ரோலைக் குறைக்கும். உள்ளே வரும் காற்றோ 40 டிகிரிதான். பிடித்து, தள்ளாடி, அணையும். சென்சாரை த்ராட்டிலுக்கு முன்னால் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் குழாய்க்கு மாற்றுங்கள், கிராங்கிங் நேரத்தில் காற்று வெப்பத் திருத்தத்தைக் குறைத்து எழுதுங்கள். கிராங்க் செய்யும்போது வோல்ட் 8-ஐ நெருங்கி விழுந்தால் சில ஈசியூக்கள் ரீசெட் ஆகும். டேட்டா லாகில் ஆர்பிஎம் நடுவே பூஜ்யமாகத் தெரியும், மறுபடி அறிகுறி 2-க்கே போக வேண்டும்.

அறிகுறி 6: கீயை விடும் நொடியில் மட்டும் பிடிக்கிறது

கிராங்க் நிலையில் இக்னிஷனுக்குச் சப்ளை இல்லை. எஞ்சின் மாற்றியபோது காயில் வயரை, ஸ்டார்ட் நிலையில் செத்துவிடும் ஆக்சசரி லைனில் கொடுத்திருப்பார்கள். காயில் பிளஸில் மீட்டர் வைத்து கீயை ஸ்டார்ட்டில் பிடியுங்கள், வோல்ட் மறைந்தால் வயரை ஆன், ஸ்டார்ட் இரண்டிலும் உயிரோடு இருக்கும் லைனுக்கு மாற்றுங்கள். காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைக் குறைக்கும் பழைய பேலஸ்ட் ரெசிஸ்டர் முறையில், கிராங்க் செய்யும்போது மட்டும் ரெசிஸ்டரைத் தாண்டி முழு 12 வோல்ட் தரும் தனி வயர் உண்டு. அது விட்டுப்போயிருந்தால் பொறி சன்னமாகி, சூட்டில் பிடிக்காது.

டீசல் எஞ்சின் இறக்கிய ஜீப்

ரோட்டரி பம்ப் உள்ள பழைய டீசல், குளிரில் உடனே பிடித்து சூட்டில் நெடுநேரம் சுற்றினால் பம்பின் ஹெட், ரோட்டர் தேய்மானம். சூட்டில் டீசல் நீர்த்து அந்த இடைவெளியில் கசிந்துவிடும். பம்பின் மேல் ஈரத் துணி போட்டு, ஆறியதும் பிடித்தால் பம்ப் வேலை வந்துவிட்டது. காமன் ரெயிலில் இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவை நான்கு குப்பியில் பிடித்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் அதிகம் நிரம்பினால் அந்த இன்ஜெக்டர்தான் கிராங்க் வேகத்தில் ரெயில் அழுத்தம் ஏறாமல் தடுக்கிறது. டீசலுக்கு கிராங்க் வேகமே உயிர் என்பதால் வோல்ட் இழப்புச் சோதனையை இங்கும் தவிர்க்க முடியாது.

சூட்டைத் தள்ளி வைப்பது

மின்பக்கம் எல்லாம் சரியான பிறகே இது. செல்ஃபுக்கும் ஹெடருக்கும் நடுவே அலுமினியத் தகட்டு மறைப்பு, இரண்டு பக்கமும் குறைந்தது 10 மி.மீ. காற்று ஓட இடம் விட்டு, எஞ்சின் பிளாக்கில் பொருத்துங்கள். ஹெடரிலேயே பொருத்தினால் மறைப்பே அடுப்பாகிவிடும். செல்ஃபைச் சுற்றும் பளபளப்பு உறை கதிர்வீச்சுச் சூட்டைத் தடுக்கும், ஆனால் மோட்டாரின் சொந்தச் சூட்டையும் உள்ளேயே வைத்துக்கொள்ளும். மறைப்புக்கு இடமே இல்லாதபோது மட்டும் உறை. ஹெடருக்குத் துணிச் சுற்று போடுவதில் ஒரு சங்கடம், மழையில் ஈரம் கோத்துச் சாதாரண இரும்பு ஹெடர் துணிக்கு அடியில் துருப்பிடித்து அரிக்கும். செராமிக் பூச்சு விலை கூட, ஆனால் அந்தத் தொல்லை இல்லை. அளவு பொருந்தினால் கியர் ரிடக்‌ஷன் மோட்டார் நல்ல தேர்வு: உடம்பு சின்னது, ஹெடரிலிருந்து தள்ளி நிற்கும், பல மாடல்களில் பொருத்தும் பிளேட்டைத் திருப்பி சொலினாய்டைக் குளிர்ந்த பக்கம் வைக்க முடியும்.

வேலை முடிந்ததும் மறுபடி 30 நிமிட ஓட்டம், 15 நிமிட நிறுத்தம். 50 டெர்மினல், பிளஸ் இழப்பு, எர்த் இழப்பு, கிராங்க் ஆம்பியர் நான்கையும் சூட்டில் எடுத்து, தேதியோடு பானட்டின் உள்பக்கம் ஒரு ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். அடுத்த கோடையில் ‘டக்’ சத்தம் திரும்பினால், நான்கில் எந்த எண் நகர்ந்திருக்கிறது என்று பார்த்து நேராக அந்த இடத்துக்குப் போகலாம்.